வலம்வந்த குரல்

ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் தேவாலயப் பாடல் மரபும், 'ரிதம் அண்டு புளூஸ்' எனப்படும் அவர்களுடைய நகர்ப்புறத் தாள இசையும் 1950களில் ஒன்றுகலந்து உருவான பாட்டுமுறை, ஆன்மா என்று பொருள்படும் 'சோல்' என்னும் பெயரால் அறியப்படுகிறது. பாடுபவர் தம்மை மறந்து உருகுவதையும், உச்சத்தில் குரல் உடைந்து தழுதழுப்பதையும் குறையாக எண்ணாமல் அழகாகவே போற்றும் இம்முறையை, போதகரின் மகளாகப் பிறந்து தேவாலயத்தில் பாடத் தொடங்கிய அரீத்தா பிராங்கிளின் உலகறியச் செய்தார்.

தமிழ்ப் பெற்றோருக்கு 1973இல் லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த சுசீலா ராமன், சிறுவயதில் கர்நாடக இசை கற்று மேடையேறியவர். எனினும், இளமையில் சிட்னியில் சொந்தக் குழு அமைத்து, சோல் இசைக்கு உறவான ஃபங்க், புளூஸ் ஆகியவற்றின் பக்கம் திரும்பினார். கற்ற இசையும் விரும்பிய இசையும் வெவ்வேறு திசைகளில் இழுத்த நிலையில், 1995இல் இந்தியா வந்து சுருதி சடோலிகரிடம் இந்துஸ்தானி இசை பயின்ற அவர், 1997இல் இங்கிலாந்து சென்று, கிதார் கலைஞரும் இசைத் தயாரிப்பாளருமான சாம் மில்ஸுடன் இணைந்தார்.

இக்கூட்டுழைப்பில் 2001இல் வெளிவந்த 'சால்ட் ரெயின்' என்னும் முதல் தொகுப்பு, தியாகராஜரின் 'நகுமோமு' கீர்த்தனையையும் அமெரிக்கப் பாடகர் டிம் பக்லியின் பாடலையும் அருகருகே வைத்தது. பிரிட்டன், அயர்லாந்து இசைத் தொகுப்புகளுள் ஆண்டின் சிறந்ததற்கு வழங்கப்படும் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றதோடு, மறு ஆண்டே பிபிசி வானொலியின் உலக இசை விருதுகளில் புதுமுகத்துக்கான விருதும் அவருக்குக் கிடைத்தது. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றாமல், இரண்டையும் ஒரே குரலில் ஏற்றபோதே அவருக்குப் பரந்த அங்கீகாரம் வந்தது என்பது இங்கே கருதத்தக்கது.

அவ்வங்கீகாரத்துக்குப் பின்னரும் தேடலைத் தொடர்ந்த அவர், தமிழ்ப் பக்திப் பாடல்களை நாடி, முருகனின் ஆயுதத்தின் பெயர்கொண்ட 'வேல்' என்னும் தொகுப்பை 2011இல் வெளியிட்டார். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் முருகனைப் பாடிய திருவண்ணாமலையில் வாழ்வோருக்கு, தெய்வத்தின்முன் குரல்விட்டு உருகுதல் புதிதன்று. தேவாலயத்திலிருந்து கிளைத்த சோல் இசையும் முருகனுக்குக் காவடி எடுப்போரின் பாட்டும் ஒன்றையொன்று அறியாமலே உறவு பூண்டவை என்பதை அத்தொகுப்பு செவிக்கு உணர்த்துகிறது.

திருவண்ணாமலையில் மலையை வலம்வருவோர் 14 கிலோமீட்டர் நடந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பினாலும், சுற்றிய தொலைவை யாரும் வீண் என்று கருதுவதில்லை. பெற்றோரின் மொழிப் பாட்டுக்கு மூன்று கண்டங்களைச் சுற்றி வந்து சேர்ந்த இக்குரலும் அவ்வாறே மதிக்கத்தக்கது. அப்பாட்டு பிறந்த மண்ணிலும் இக்குரல் இன்னும் பரவலாகக் கேட்கப்பட வேண்டும்.