மணி பிளவாதிருக்க ஒரு பொதுச் சூளை

விற்ற அன்று பளபளவென்று விளங்கிய கண்ணாடி மணி, சில வாரங்கள் கழித்து யாரும் தொடாமலே இரண்டாகப் பிளந்துவிடுவதுண்டு. வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். செய்தவரின் உழைப்போடு நற்பெயரும் போய்விடுகிறது. இத்தகைய மணி பெரும்பாலும் சரியாக ஆற்றப்படாத மணியே ஆகும்.

உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றி எடுத்ததும் மணியின் வெளிப்புறம் முதலில் இறுகுகிறது; உட்புறம் பின்னர்தான் இறுகுகிறது. இதனால் உள்ளே ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. பாவில் சில இழைகள் விறைத்தும் சில தளர்ந்தும் இருந்தால் தறியில் என்ன நேரும் என்பதை நெசவாளர்கள் நன்கு அறிவார்கள். கண்ணாடியின் நிலையும் அதுவே. மணியை மீண்டும் காய்ச்சி, ஒரே வெப்பத்தில் நிறுத்தி, மெல்ல ஆற்றினால்தான் அவ்விழுவிசை நீங்கும்.

இத்தொழில் நமக்குப் புதிதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு நடந்த அகழாய்வு உலகறிந்தது. அங்கே கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. பெரிய உலை எரியும் பட்டறையில் அதன் ஓரத்து வெப்பத்தையே மணி ஆற்றப் பயன்படுத்தலாம். வீட்டில் எரிவாயுச் சுடரில் மணி செய்வோருக்கு அவ்வசதி இல்லை. அவர்களுக்குக் குறைந்த செலவில் உள்ள வழிகள் யாவை?

முதலாவது, நாற்றங்கால் தட்டுகளில் இடும் வெர்மிகுலைட். அதைச் சூடாக்கி, செய்த மணியை உடனே அதில் புதைத்தால் மணி மெதுவாகக் குளிரும். உடனடி வெடிப்பு குறையும். ஆயினும் இது முழு ஆற்றுதல் ஆகாது. இதை மட்டுமே நம்பி மணியைச் சந்தைக்கு அனுப்பலாகாது.

இரண்டாவது, மட்பாண்டத் தொழிலாளரின் மின்சூளையை வாடகைக்குப் பெறுதல். குளிர்ந்த மணிகளைப் பல நாட்கள் சேர்த்து வைத்து ஒரே முறையில் ஆற்றலாம். சாதாரண மென்கண்ணாடி மணிகளாயின், மணிக்கு 150 டிகிரி வீதம் 515 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும். பிறகு மணிக்கு 60 டிகிரி வீதம் 400 வரை இறக்கி, சூளையை நிறுத்தி, மறுநாள் வரை கதவைத் திறவாதிருக்க வேண்டும். போரோசிலிகேட் கண்ணாடிக்கு ஏறத்தாழ 565 டிகிரி தேவை.

மூன்றாவது, இலேசான தீச்செங்கல்லை அடுக்கி, மின்கம்பிச் சுருள் பதித்துச் சிறு சூளை அமைத்தல். 1.5 கிலோவாட் சூளை 6 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் 9 யூனிட் மின்சாரமே செலவாகும். தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு நிலஇணைப்புடன் இதை அமைப்பது அவசியம்.

எவ்வழியாயினும், வெப்பமானியிலும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் சிக்கனம் கூடாது. சூடான பொருள் இருளில் மங்கலாகச் சிவக்கத் தொடங்குவதே ஏறத்தாழ 525 டிகிரியில்தான். ஆகவே 515 டிகிரியைக் கண்ணால் மதிப்பிட இயலாது. நமக்கு வேண்டுவது மிகுந்த வெப்பமன்று, அளவறிந்த வெப்பமே.

ஒளிபுகும் மணியைச் சோதிக்க எளிய முறை ஒன்றுண்டு. இரண்டு போலராய்டு தாள்களை ஒளி மறையும்படி குறுக்காக வைத்து, நடுவே மணியை வைத்துப் பார்க்கவேண்டும். இழுவிசை எஞ்சிய இடம் வெளிச்சமாகத் தெரியும். ஒளிபுகா மணிக்கு இச்சோதனை உதவாது. அதற்குக் கால அட்டவணையை வழுவாது கடைப்பிடித்தலே காப்பு.

மணிகளைச் சேர்த்து வைத்து ஆற்றலாம் என்பதால், வாரம் ஒருமுறை எரியும் ஒரு சூளையே பல குடும்பங்களுக்குப் போதும். தனி ஒருவருக்குச் சுமையாகும் கருவி, பத்துப் பேர் பங்கிட்டால் எளிதாகிவிடும். மணி செய்யும் அங்கத்தினர்கள் தத்தம் மணிகளை அடையாளமிட்ட தட்டுகளில் கொணர்ந்து, முறை வைத்துச் சூளையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆற்றாத மணி ஒன்றுகூடச் சங்கத்தின் பெயரால் விற்பனைக்குப் போகலாகாது என்பதே முதல் விதியாக இருத்தல் வேண்டும்.