எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப் போறீங்களா? ஷோரூமுக்கு முன்னாடி உங்க பார்க்கிங்கைப் போய்ப் பாருங்க



என் தம்பிக்கு சோழிங்கநல்லூர்ல வேலை. மேடவாக்கத்துல மூணாவது மாடியில வாடகை வீடு. போன வருஷம் ஆசை ஆசையா ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினான். 1,20,000 ரூபாய் லோன், 12% வட்டி, 36 மாசம், EMI கிட்டத்தட்ட 3,986 ரூபாய். வண்டியில ஒரு குறையும் இல்ல. ஆனா எட்டே மாசத்துல வித்துட்டான்.

காரணம் பார்க்கிங்ல இருந்த ஒரு சாக்கெட். "அது காமன் மீட்டர் தம்பி, அதுல சார்ஜ் போடாதீங்க"ன்னு ஹவுஸ் ஓனர் சொல்லிட்டார். அவர் மேலயும் தப்பு சொல்ல முடியாது, அந்த பில்லை ஆறு வீடும் பங்கு போட்டுக் கட்டுது. இவன் மூணாவது மாடி பால்கனியில இருந்து எக்ஸ்டென்ஷன் வயர் விட்டான். மழைக்காலம் வந்துச்சு, கீழ் வீட்டு அக்கா சண்டைக்கு வந்தாங்க. அவங்க பக்கம்தான் நியாயம், நனையற வயர் உயிரோட விளையாடுற விஷயம். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள் பப்ளிக் சார்ஜர்ல போய் நின்னான். கடைசியில 82,000-க்கு வித்தான். அன்னைக்கு லோன் பாக்கி மட்டும் சுமார் 97,000. வண்டியும் போய், கையில இருந்து 15,000-மும் போச்சு.

இந்தக் கதையை ஏன் சொல்றேன்னா, "இந்தியாவுல எலக்ட்ரிக் வண்டி எடுபடுமா?"ன்னு கேட்டா எல்லாரும் பேட்டரி, ரேஞ்ச், மானியம்னு பேசுறாங்க. எனக்கென்னவோ பதில் ரெண்டே விஷயத்துலதான் இருக்கு: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுறீங்க, ராத்திரி வண்டி நிக்கிற இடத்துல கரண்ட் இருக்கா.

நாட்டு நிலவரத்தைப் பாருங்க. 2024-25 நிதியாண்டுல நம்ம நாட்டுல வித்த மூணு சக்கர வண்டிகள்ல பாதிக்கு மேல எலக்ட்ரிக். டூ வீலர்ல சுமார் 6%. கார்ல 3% கூட இல்ல. ஆட்டோ ஓட்டுறவங்க சுற்றுச்சூழலுக்காகவா மாறினாங்க? தினமும் நிறைய ஓடுறாங்க, மிச்சம் ஆகுற காசு அன்னைக்கே கையில தெரியுது. அதனால முதல்ல மாறினாங்க. நம்ம ஊர்ல புது டெக்னாலஜி எப்பவுமே பணக்காரங்க கிட்ட ஆரம்பிச்சுக் கீழ வரும்னு நினைப்போம். இதுல அப்படியே தலைகீழ்.

இப்ப உங்க கணக்குக்கு வருவோம்

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஸ்கூட்டர் மைலேஜ் 45-னு வெச்சா கிலோமீட்டருக்கு 2.20 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. எலக்ட்ரிக்ல 100 கி.மீ. ஓட, சார்ஜிங்ல வீணாகுறதையும் சேர்த்து சுமார் மூணரை யூனிட். யூனிட் 8 ரூபாய்னு போட்டாலும் 28 ரூபாய்தான், அதாவது கிலோமீட்டருக்கு 28 பைசா. மிச்சம் சுமார் 1.90 ரூபாய்.

எலக்ட்ரிக் வண்டிக்காக நீங்க கூடுதலா கொடுக்கிறது 30,000 ரூபாய்னு வைங்க. கைக்காசு போட்டு வாங்குறீங்க. தினமும் 10 கி.மீ., மாசம் 25 நாள் ஓடினா மாச மிச்சம் 475 ரூபாய். அந்த 30,000 திரும்பி வர அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும். அதே ஆள் தினமும் 40 கி.மீ. ஓடினா மாசம் 1,900 மிச்சம், 16 மாசத்துல எடுத்துடலாம். வண்டி ஒண்ணுதான், விலையும் ஒண்ணுதான்.

ஆனா நம்மள்ல முக்கால்வாசிப் பேர் லோன்லதான் வாங்குறோம். 90,000 லோனுக்கும் 1,20,000 லோனுக்கும் 12% வட்டியில, மூணு வருஷத்துக்கு EMI வித்தியாசம் கிட்டத்தட்ட 1,000 ரூபாய். அந்த ஆயிரத்தை பெட்ரோல் மிச்சத்துல எடுக்கணும்னா மாசம் 525 கி.மீ. ஓடணும், ஒரு நாளைக்கு 21. எலக்ட்ரிக் லோனுக்கு மட்டும் 14% வட்டி கேட்டா அது 23 ஆயிடும். உங்க ஓட்டம் இதுக்குக் கீழ இருந்தா, லோன் முடியுற வரைக்கும் மாசா மாசம் கைப்பணம் போட்டுத்தான் ஓட்டுறீங்க. புடிச்சு வாங்குறீங்கன்னா வாங்குங்க, தப்பே இல்ல. "காசு மிச்சம் ஆகும்"னு மட்டும் வீட்ல சொல்லாதீங்க.

மானியத்தை நம்பி உக்காராதீங்க

2021 ஜூன்ல இருந்து FAME-2 திட்டத்துல ஒரு கிலோவாட் அவருக்கு 15,000 ரூபாய் கொடுத்தாங்க. 3 கிலோவாட் அவர் பேட்டரி உள்ள வண்டிக்கு 45,000 வரை! 2023 ஜூன்ல அதை 10,000 ஆக்கி, வண்டி விலையில 15%-க்கு மேல கிடையாதுன்னு வரம்பும் போட்டாங்க. 2024 ஏப்ரல்ல 5,000, ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 10,000. PM E-DRIVE திட்டத்தோட ரெண்டாவது வருஷத்துல அதுவும் பாதி. நாலு வருஷத்துல 45,000 எங்க, 5,000 எங்க!

இன்னொரு பக்கம் 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் பெட்ரோல் டூ வீலருக்கு GST 28%-ல இருந்து 18% ஆச்சு. எலக்ட்ரிக்குக்கு அதே 5%தான். அதாவது பெட்ரோல் வண்டி விலை இறங்கிடுச்சு, இந்தப் பக்கம் மானியம் கரைஞ்சுடுச்சு. அப்படியும் எலக்ட்ரிக் வண்டி வித்துக்கிட்டு இருக்குன்னா, பேட்டரி விலை விழுந்ததுதான் காரணம். உலகச் சராசரி ஒரு கிலோவாட் அவருக்கு 2010-ல ஆயிரம் டாலருக்கு மேல இருந்தது, 2024-ல 115 டாலருக்கு வந்துடுச்சு.

சேல்ஸ்ல யாராவது "80EEB-ல ஒன்றரை லட்சம் வரி விலக்கு சார்"னு சொன்னா சிரிச்சிட்டு நகர்ந்துடுங்க. அது 2019 ஏப்ரல் 1-ல இருந்து 2023 மார்ச் 31-க்குள்ள சாங்ஷன் ஆன லோனுக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில. இப்ப எடுக்கிற லோனுக்குக் கிடையாது. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் பிரீமியத்துல 15% தள்ளுபடி மட்டும் உண்மை. சின்ன தொகைதான், ஆனா கேட்டு வாங்குங்க.

கரண்ட் பில்லுல ஒரு பொறி

தமிழ்நாட்டுல சொந்த வீட்ல இருக்கீங்க, ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட் வருதுன்னு வைங்க. மாசம் 1,000 கி.மீ. ஓடினா ரெண்டு மாசத்துக்கு 70 யூனிட் கூடும், 550 ஆகும். 500 தாண்டினதும் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழ் ஸ்லாப்ல கிடைச்ச சலுகையும் போயிடும். அப்பவும் பெட்ரோலை விட மலிவுதான், ஆனா மேல போட்ட கணக்கு கொஞ்சம் மாறும். கரண்ட் கார்டை எடுத்து ஒரு தடவை பாருங்க.

வாடகை வீடுன்னா ஓனர் யூனிட்டுக்கு 8, 10-னு வாங்குறது பழகின விஷயம். விலை பிரச்சினை இல்ல, அனுமதிதான் பிரச்சினை. வீட்ல இருக்கிற இணைப்புல இருந்தே வண்டியைச் சார்ஜ் பண்ணலாம்னு மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் கொடுத்துடுச்சு. அதை அசோசியேஷன் மீட்டிங்ல படிச்சுக் காட்டிப் பாருங்க, என்ன பதில் வருதுன்னு! அதனால அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி உங்க மீட்டர்ல இருந்து பார்க்கிங்குக்கு எர்த்திங்கோட ஒரு லைன், தேவைன்னா சப் மீட்டர், இதை ஓனர்கிட்ட பேசி அக்ரிமென்ட்ல ஒரு வரி எழுதி வாங்கிடுங்க. அது முடியலன்னா, பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போற மாடலை மட்டும் பாருங்க. 2022 கோடையில வண்டிகள் எரிஞ்ச பிறகு AIS-156 பாதுகாப்பு விதிகளை இறுக்கினாங்க, அதனால செகண்ட் ஹேண்ட்ல அதுக்கு முந்தின வண்டி மலிவா கிடைச்சாலும் நான் தொட மாட்டேன்.

2030-க்குள்ள வண்டி விற்பனையில 30% எலக்ட்ரிக் ஆகணும்னு அரசு இலக்கு வெச்சிருக்கு. ஓசூர்லயும் கிருஷ்ணகிரியிலயும் ஸ்கூட்டர் ஃபேக்டரி ஓடுது, 2025 ஆகஸ்ட்ல தூத்துக்குடியில கார் ஃபேக்டரியும் திறந்தாச்சு. வண்டி செய்ய நமக்குத் தெரியும். செஞ்ச வண்டியை வாடகை வீட்டுல இருக்கிறவன் எங்க சார்ஜ் போடுவான்? இன்னொரு 5,000 மானியம் கொடுக்கிறதுக்குப் பதிலா, பழைய அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல தனி மீட்டரோட சாக்கெட் போட உதவி பண்ணினா இன்னும் நிறைய பேர் மாறுவாங்கன்னு நான் நினைக்கிறேன்.

இன்னைக்கு ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைங்க. அடுத்த மாசம் இதே தேதியில இன்னொண்ணு. வித்தியாசம் 525-க்கு மேலயா கீழயான்னு பாருங்க.

தம்பி போன மாசம் பெரும்பாக்கத்துல கிரவுண்ட் ஃப்ளோர் வீடு மாறிட்டான். வீடு பார்க்கப் போனப்ப ஹாலுக்குள்ளயே போகல, நேரா பார்க்கிங்குக்குப் போய் போன் சார்ஜரை சொருகிப் பார்த்தானாம்.