மாத்திரை குடலுக்கு, மண்ணுக்கு என்ன?

“பிப்ரவரியில் பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். ஆகஸ்டில் மறுபடியும் கொடுக்கிறார்கள். முதல் மாத்திரை வேலை செய்யவில்லையா?” என்று ஒரு வாசகி கேட்கிறார்.

செய்தது. 400 மி.கி. அல்பெண்டசோல், குடலிலுள்ள கொக்கிப்புழுக்களில் பெரும்பாலானவற்றை ஒழித்துவிடும். மண்ணில் காத்திருப்பவற்றை அது தொடாது. மலத்தோடு விழும் முட்டை, ஈரமும் நிழலும் இருந்தால் ஓரிரு நாளில் பொரிந்து, 5 முதல் 10 நாளில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். வெறுங்காலில் ஏறும்போது லேசான அரிப்பு, அவ்வளவுதான். ரத்தத்தில் கலந்து நுரையீரல், அங்கிருந்து தொண்டை. பிறகு நாமே விழுங்கிக் குடலுக்கு அனுப்பிவைக்கிறோம்.

குடலில் அது நடத்தும் தொழில்தான் ரசிக்கத்தக்கது. தெருக் குடிநீர்க் குழாயில் திருட்டு மோட்டார் போடும் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். புழு குடல் சுவரைக் கடித்ததும், ரத்தம் உறையாதிருக்க ஒரு புரதத்தைச் செலுத்துகிறது. அதாவது அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், குழாய் அடைக்காமலிருக்க மருந்தும் கையோடு கொண்டுவருகிறார். கொஞ்சம் உறிஞ்சிவிட்டு வேறு இடத்தில் துளை போடுவார். பழைய துளையை மூட மாட்டார், அது பாட்டுக்கு ஒழுகும். விசாரிக்க வரும் குடிநீர் வாரிய ஊழியரையும் சரிக்கட்டிவிடுவார்: நோயெதிர்ப்பு அணுக்களை அடக்கும் புரதங்களும் புழுவிடம் உண்டு.

கொக்கிப்புழுக்களில் நெகேட்டர் இனப் புழு ஒன்றால் நாளுக்கு 0.03 மி.லி. ரத்தம் போகும், ஆன்சைலோஸ்டோமா இனம் என்றால் சுமார் 0.2 மி.லி. நூறு நெகேட்டர் இருந்தால் 3 மி.லி., அதோடு ஏறக்குறைய ஒன்றரை மி.கி. இரும்பு. கொஞ்சத்தைக் குடல் மீட்டுக்கொண்டாலும் இழப்பு பெரிது; சாப்பாட்டிலிருந்து உடல் ஈர்ப்பதே நாளுக்கு 1 முதல் 2 மி.கி.தான். வெளிறிய இமை, படியேறினால் மூச்சிரைப்பு, வகுப்பில் சோர்வு எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை. கர்ப்பிணிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

   

இதே புழுவை உடலில் விட்டு ஒவ்வாமையைத் தீர்க்கலாம் என்றொரு பரபரப்பும் உண்டு. சிறு ஆய்வுகளைத் தாண்டிச் சான்று இல்லை; காசைக் கொட்டாதீர்கள்.

‘ஒரே மாத்திரையில் தீர்வு’ என்பதும் அதே ரகம். பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தாலும் மண் சுத்தமாகாது: கொக்கிப்புழு பெரியவர்களிடமும் நிறைய உண்டு. ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் நடந்த டிவார்ம்3 ஆய்வு, பிள்ளைகளோடு நிற்காமல் ஊர் முழுக்க மாத்திரை கொடுத்துப் பார்த்தது அதனால்தான். ஆகஸ்ட் மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குச் செருப்பு வேண்டும். கழிப்பறை எத்தனை கட்டினோம் என்பது விளம்பரப் பலகைக்கு. எத்தனை பேர் போகிறார்கள் என்பதுதான் புழுவுக்குக் கணக்கு.