இத்தாலியர் கொண்டாடும் மலேசியப் புலி

ஜார்ஜ் டவுன் தெருவில் ஐம்பதைத் தாண்டிய இத்தாலியப் பயணி யாராவது எதிர்ப்பட்டால், ‘சந்தோகான்’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும்!

சந்தோகான் ஒரு கற்பனைக் கடற்கொள்ளையன். பட்டப்பெயர் ‘மலேசியப் புலி’. சரவாக்கின் வெள்ளை ராஜா ஜேம்ஸ் புரூக்கையே எதிர்த்தவன், லாபுவான் தீவின் மரியானாவிடம் மனத்தைப் பறிகொடுத்தான். கதை முழுக்க நம் பக்கத்துக் கடல்தான். ஆனால் நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இவனைப் படைத்த இத்தாலிய எழுத்தாளர் எமிலியோ சல்காரியும் இந்த மண்ணை மிதித்ததில்லை. நூல்களையும் வரைபடங்களையும் வைத்தே எழுதித் தள்ளினார்.

1976இல் இத்தாலியின் ராய் தொலைக்காட்சி இந்தக் கதையை ஆறு பாகத் தொடராக ஒளிபரப்பியது. இயக்கம் செர்ஜியோ சொல்லிமா. சந்தோகானாக வந்தவர் நம் இந்தி நடிகர் கபீர் பேடி! படப்பிடிப்பில் ஒரு பகுதி மலேசியாவிலேயே நடந்தது. அப்புறம் என்ன, இத்தாலியில் அவர் போகுமிடமெல்லாம் கூட்டம். பிள்ளைகள் பனீனி நிறுவனத்தின் சந்தோகான் ஒட்டுப்படங்களைச் சேர்த்து ஆல்பத்தை நிரப்பினார்கள். அந்த அன்பு ஆறவே இல்லை. 2010இல் இத்தாலியக் குடியரசு கபீர் பேடிக்கு ‘கவாலியேரே’ (நைட்) பட்டம் வழங்கியது.