விமானத்தின் உயிர் காக்கும் மூடி!

ஆகாயத்தில் ஒரு சிறிய விமானம் பறந்து கொண்டிருக்கிறது. தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது. என்ஜினில் கோளாறு இல்லை. ஆனாலும் என்ஜின் திடீரென்று திணறுகிறது. பிறகு நின்றே விடுகிறது!

காரணம் என்ன? பெட்ரோல் தொட்டியின் மூடி!

வேடிக்கையாக இருக்கிறதா? இப்படியும் நடக்கக் கூடும்.

எண்ணெய் டின்

கடைக்காரர் எண்ணெய் டின்னைத் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மூலையில் ஓட்டை போடுவார். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டையும் போடுவார். ஒன்றின் வழியாக எண்ணெய் வெளியே வரும். மற்றொன்றின் வழியாகக் காற்று உள்ளே போகும். ஒரே ஒரு சின்ன ஓட்டை போட்டால் எண்ணெய் சரியாக வராது.

விமானத்தின் பெட்ரோல் தொட்டியும் அப்படித்தான். பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அதனால்தான் பழைய சிறு விமானங்கள் பலவற்றில் மூடியிலேயே காற்று வழி வைத்தார்கள்.

மஞ்சள் குட்டி

அமெரிக்காவின் பைப்பர் கம்பெனி செய்த "ஜே-3 கப்" விமானம் மிகவும் பிரபலமானது. "கப்" என்றால் கரடிக் குட்டி. மஞ்சள் நிறம். பக்கத்தில் மின்னல் போன்ற கறுப்புக் கோடு. இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரலாம். 1938 முதல் 1947 வரை ஏறக்குறைய 20,000 விமானங்கள் செய்தார்கள்.

இதன் என்ஜின் பெரும்பாலும் 65 குதிரைச் சக்தி கொண்டது. தொட்டி விமானிக்கு முன்னால் இருக்கிறது. அது சுமார் 45 லிட்டர் பிடிக்கும். பெட்ரோல் அளவைக் காட்டுவதும் மூடிதான்! தொட்டிக்குள் ஒரு தக்கை மிதக்கும். அதில் பொருத்திய கம்பி, மூடியின் வழியாக வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். பெட்ரோல் குறைந்தால் கம்பி இறங்கும். விமானி கண்ணாடி வழியே அதைப் பார்த்துக் கொள்வார்.

இறக்கையில் தொட்டி

1956-ல் வந்த "செஸ்னா 172" விமானத்தில் தொட்டிகள் இறக்கைகளில் இருக்கின்றன. இடது இறக்கையின் அடியில் உள்ள ஒரு குழாய் வழியாகக் காற்று உள்ளே போகும். இரண்டு தொட்டிகளுக்கும் அந்த ஒரே குழாய்தான். குளவி அதில் கூடு கட்டி விட்டால் இரண்டுக்குமே ஆபத்து!

ஆகவே 1979-ல் அமெரிக்க அரசின் விமானத் துறை ஓர் உத்தரவு போட்டது. செஸ்னாவின் சிறு விமானங்கள் பலவற்றுக்குக் காற்று போகும் மூடி கட்டாயம் என்றது.

மூடியில் வெறும் துவாரம் போதாதா? போதாது. விமானம் பறக்கும்போது இறக்கையின் மேல்புறத்தில் காற்றழுத்தம் குறையும். அது பெட்ரோலை வெளியே உறிஞ்சி விடும். மழைத் தண்ணீரும் உள்ளே புகும். எனவே மூடியில் ஒரு சிறு வால்வு வைத்தார்கள். அது காற்றை உள்ளே விடும். பெட்ரோலை வெளியே விடாது.

தப்பி ஓடும் குற்றவாளி

நாளாக ஆக வால்வு ஒட்டிக் கொள்ளும். ரப்பர் வளையம் வெடிக்கும். அப்போது மூடியை மாற்ற வேண்டும்.

இங்கேதான் கவனம் தேவை. காற்று வழி இல்லாத மூடியும் பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கலாம். கச்சிதமாகவும் பொருந்தலாம். தரையில் என்ஜின் நன்றாகவே ஓடும். கொஞ்சம் பெட்ரோல் செலவான பிறகுதான், அதாவது ஆகாயத்தில்தான், வம்பு ஆரம்பமாகும்.

விமானி எப்படியோ தரையிறங்கி விட்டார் என்று வையுங்கள். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறப்பார்கள். உடனே காற்று உள்ளே போய் விடும். என்ஜின் மறுபடியும் ஓடும். குற்றவாளி தப்பி விடுவான்!

ஊதிப் பார்!

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. இறக்கைக்கு அடியில் உள்ள குழாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மெக்கானிக் வாயால் மெதுவாக ஊதுவார். காற்று உள்ளே போனால் வழி திறந்திருக்கிறது. பிறகு ரப்பர் குழாயின் நுனியைத் தண்ணீரில் வைப்பார். குமிழிகள் தொடர்ந்து வர வேண்டும். ஊதிய காற்று மூடி வழியாகக் கசிந்தால், அந்த மூடி உதவாது.

விமானம் செய்த கம்பெனியின் புத்தகத்தில் எந்த மூடி சொல்லப்பட்டிருக்கிறதோ, அதைத்தான் போட வேண்டும். போட்ட பிறகும் சோதிக்க வேண்டும். அதன் பிறகே விமானத்தில் ஏற வேண்டும். மூடி சிறியதுதான். ஆனால் ஏறுகிறவரின் உயிர் சிறியதல்லவே!