களத்தில் காயும் நெல்... காணாமல் போன 8 லிட்டர் தண்ணீர் எங்கே?

‘பனிக்கட்டி, நீர், நீராவி’ என்று தண்ணீரின் மூன்று நிலைகளைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். ‘களத்துல காயுற நெல்லுல இருந்த தண்ணி எங்க போச்சு?’ என்று கேட்டால்தான் பலரும் விழிப்பார்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க, வீட்டு வாசலும் களமுமே போதும்.

முதலில் ஒரு கணக்கு. 20% ஈரப்பதமுள்ள 100 கிலோ நெல்லில் தண்ணீர் மட்டும் 20 கிலோ. விதைக்காகச் சேமிக்கும் நெல்லில் ஈரப்பதம் 13 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. அந்த அளவுக்குக் காயவைத்தால் எடை சுமார் 92 கிலோவாகிவிடும். ஒரு சொட்டுகூடத் தரையில் சிந்தாமல் 8 லிட்டர் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் கலந்திருக்கிறது.

கொதிக்காமலே ஆவியாகும்

‘கொதிச்சாத்தான் ஆவியாகும்’ என்று பிள்ளைகள் நினைப்பதுண்டு. ஒரே அளவுள்ள இரண்டு துணிகளை நனைத்து, ஒன்றை விரித்தும் மற்றொன்றைச் சுருட்டியும் வெயிலில் போடுங்கள். எது முதலில் காயும் என்று பிள்ளையையே முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். விரித்த துணிதான் முந்தும். வெயிலும் காற்றும் படும் பரப்பு அதில் அதிகம். நெல்லை மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிடுவதும் இதற்காகத்தான்.

போன தண்ணீர் திரும்பி வரும்

எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, மஞ்சள்தூள் கலந்து, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து வையுங்கள். சிறிது நேரத்தில் வெளியே முத்து முத்தாக நீர் கோக்கும். ‘டம்ளர் ஒழுகுது’ என்று பிள்ளை சொன்னால், துளியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் மஞ்சள் நிறம் இருக்காது. காற்றிலிருந்த ஆவிதான் குளிர்ந்த டம்ளரில் பட்டு நீராகியிருக்கிறது.

ஈர நெல்லைக் குவித்து, இரவில் தார்ப்பாய் போட்டு மூடினால் இதேதான் நடக்கும். நெல்லிலிருந்து கிளம்பும் ஆவி, குளிர்ந்த தார்ப்பாயின் அடியில் துளியாகி, குவியல் மீதே சொட்டும். அப்படியே விட்டால் நெல் நிறம் மாறும், பூஞ்சணம் பிடிக்கும், முளைக்கவும் செய்யும். மழை இல்லாத நாளில், காலையில் முதல் வேலையாகத் தார்ப்பாயை விலக்கி, நெல்லைப் பரப்பிவிட வேண்டும்.

உப்பு சொல்லும் ஈரம்

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதத்துக்கான வழக்கமான வரம்பு 17%. கருவி இல்லாமல், நெல் ஓரளவு காய்ந்துவிட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாக உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு காய்ந்த தூள் உப்பு போட்டு, பாதி பாட்டில் வரும்வரை நெல்லை நிரப்புங்கள். மூடியை இறுக்கி ஒரு நிமிடம் குலுக்கி, 15 நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரப்பதம் 15 சதவிகிதத்துக்கு மேல் இருக்கிறது. ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே. விதைநெல்லுக்கு இது மட்டும் போதாது. ஈரப்பதமானியில் 13% என்று உறுதிசெய்த பிறகே மூட்டை கட்ட வேண்டும்.

அடுத்த அறுவடையில் பாட்டிலைக் குலுக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். பாடமும் புரியும், நெல்லும் கெடாது.