உமி விட்டுப்போன தடம்

சட்டி உடைந்தால் உம்மம்மா, "தூக்கி எறி மகன்" என்று சொல்லுவா. நான் இப்போது உடைந்த விளிம்பைத்தான் முதலில் பார்க்கிறேன். வெளியே சிவப்பு, நடுவே கறுப்பு. அந்தக் கறுப்புக்கு ஒரு காரணம் இருக்கு.

செர்பியாவில் தன்யூப் கரையிலுள்ள ஸ்டார்செவோவின் பெயரால் அறியப்படுபவர்கள், பால்கன் பகுதியின் முதல் உழவர்களுள் சிலர். கி.மு. 6000 அளவில் அவர்கள் களிமண்ணோடு உமியும் வைக்கோல் துணுக்கும் கலந்து, சக்கரமின்றிக் கையாலேயே பாத்திரம் வனைந்தார்கள். நெருப்பில் உமி எரிந்துபோக, அதன் வடிவில் வெற்றிடம் மிஞ்சியது. குறைந்த சூட்டில் கொஞ்ச நேரமே சுட்டதால் நடுவில் கரி தங்கிவிட்டது.

இதை எப்படி அறிவது? ஓட்டுத் துண்டைக் கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்ப்பார்கள். அப்போது ஒளி ஊடுருவும். நுணுக்குக்காட்டியில் கனிமங்கள் தெரியும். அவற்றை அயலிலுள்ள மண்ணோடு ஒப்பிட்டால், களி எங்கே எடுத்தது என்று பிடிபடும்.

மிக்கேலா ஸ்பட்டாரோ இப்படிப் பல ஊர்களின் ஓடுகளை ஆராய்ந்தார். மண் ஊருக்கு ஊர் வேறு. கலவை மட்டும் ஒன்றே. சாதாரணப் பானையோ, வண்ணம் தீட்டிய கிண்ணமோ, பெரும்பாலும் அதே உமிதான். பல நூறு ஆண்டுகள் அப்படியே நடந்தது. பழக்கித் தந்த கையை அவர்கள் விடவில்லை என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

எழுத்தறியாத அந்த மக்களின் கைப்பக்குவத்தை இன்று வாசிக்க முடிகிறது. உம்மம்மாவின் சட்டியை வனைந்தவர் என்ன கலந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு துண்டை மட்டும் எறியாமல் வைத்திருக்கிறேன். இனி அதைத்தான் கேட்க வேணும்.